மாடு தின்னாத புல்

எங்கள் வீட்டு மாடி அறையில் கொசு அடிக்கும் பேட் ஒன்று ஆணியில் தொங்குகிறது. அதன் வலையைக் கழற்றி எறிந்துவிட்டு, கைப்பிடிக்குள்ளிருந்து வரும் இரண்டு கம்பிகளில் ஒன்றை எவர்சில்வர் டீ வடிகட்டியோடு பற்றவைத்திருக்கிறோம். இன்னொன்றின் நுனியில் ஓர் ஆணி. பசை பூசிய அட்டையில் ஆணியைக் குத்திவிட்டு, வடிகட்டியில் பொடியாக நறுக்கிய நூலைப் போட்டு, பொத்தானை அழுத்திக்கொண்டே மெல்ல ஆட்ட வேண்டும். விழுகிற துணுக்கு ஒவ்வொன்றும் குளிரில் சிலிர்த்த கைமயிர் போல நட்டுக்குத்தலாக நின்றுகொள்ளும். அப்படியே காய்ந்தால் அதுதான் புல். கல்யாணமான புதிதில் அதை முதன்முதலாகப் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஆடி மாதத்தைத் தாண்டவில்லை.

என் வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்பதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்றைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க என்னால் முடியாது. விரல்கணு உயரப் படைவீரர்களை மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் வளர்ந்த மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் இவர் அவர்களோடு சேர்ந்து ஆடியிருக்கிறார். பொம்மைகளை அவர்கள் எங்காவது வாங்கிக்கொள்வார்கள். சண்டை போட நிலம் வேண்டுமே. குன்று, ஓடை, வண்டித்தடம், எல்லாவற்றுக்கும் மேலே புல். அந்தப் புல் வெளிநாட்டிலிருந்து பொட்டலத்தில் வருவது, கட்டுப்படியாகாது. எடப்பாடியில் என் மாமனாருக்குத் தறிப்பட்டறை இருக்கிறது. தறிக்கடியில் விழும் ரேயான் நூல் கழிவை லாரிப் பட்டறைக்காரர்கள் கிரீஸ் துடைக்க அள்ளிக்கொண்டு போவார்கள். அதில் ஒரு பிடியை எடுத்து, சாயம் தோய்த்து, கத்தரித்துப் பார்த்தார் இவர். நின்றது. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து, இப்படி நிலம் செய்து வெளிநாடு வரைக்கும் விற்கத் தொடங்கிவிட்டார். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். இவருக்குப் புல் வெறும் பிழைப்புதான். அதை ஆயுதமாக எடுத்து வீசியவர் என் மாமனார்.

என் அப்பாவுக்கு மோகனூருக்கு மேற்கே மேட்டுக்காடு. ஆற்றுத் தண்ணீர் ஏறாத பூமி. கரும்பும் வாழையும் பள்ளத்துக்காரர்களுக்கு, எங்களுக்கு மாடும் கொழுக்கட்டைப் புல்லும். அம்மா நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே போய்ச்சேர்ந்துவிட்டாள். அதற்கப்புறம் என்னையும் தம்பியையும் மாடுகளையும் அப்பா ஒரே மாதிரிதான் வளர்த்தார்: வேளைக்குத் தீனி, அதிகம் பேச்சில்லை, உடம்புக்கு ஒன்றென்றால் ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மனிதர்களை அவர் எடைபோடுவது மாட்டை வைத்துத்தான். மாடு மெலிந்திருந்தால் அந்த வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார்.

அப்படிப்பட்டவரிடம் வந்து தரகர் சொன்னார்: “பையன் புல்லுப் பண்றாருங்க. வெளிநாட்டுக்கெல்லாம் போவுதுங்க.”

அப்பாவின் முகம் விரிந்ததைச் சமையலறைக் கதவிடுக்கில் நின்று நானே பார்த்தேன். தீவனப் புல் போட்டு விற்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அதிலும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவன் என்றால் அவன் சாதாரண ஆளா? பெண் பார்க்க வந்த அன்றைக்கு, என்னைப் பார்த்ததைவிடப் புல்லைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். மாப்பிள்ளை வாய் திறக்காமல் காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் மாமனாருடையது.

“என்ன ரகமுங்க? சூப்பர் நேப்பியருங்களா?” என்றார் அப்பா.

“எல்லா ரகமும் இருக்குதுங்க. குட்டை, நெட்டை, காஞ்சது, கேக்கறதக் குடுக்கறமுங்க.”

“தண்ணி வசதி எப்புடீங்க?”

“அதுக்குத் தண்ணியே அவ்வளவாத் தேவைப்படாதுங்க.”

“தண்ணி கேக்காத புல்லா!” அப்பா அசந்துபோனார். அன்றைக்குச் சாயங்காலமே ஊரில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

இதில் பொய் எது? யோசித்துப் பார்த்தால் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. என் மாமனார் அப்படிப்பட்ட கெட்டிக்காரர். பொய் சொன்னது பிறகு ஒரே ஒரு இடத்தில்தான். எங்கள் வீட்டார் எடப்பாடிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது அப்பா புல் போட்ட காட்டைக் காட்டச் சொன்னார். “காடு கொஞ்சம் தள்ளி இருக்குதுங்க, இராகு காலம் வந்துரும், இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று மாமனார் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். மகன் செய்கிற தொழிலை நாலு பேர் முன்னால் சொல்ல அவருக்கே வெட்கம். அந்த வெட்கத்துக்கு என் கல்யாணத்தைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டார். இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு, “எப்புடியோ, நல்லாத்தான இருக்கறீங்க” என்றார்.

ஆடிக்கு அழைக்க அப்பா வந்தார். பஸ்ஸில், தோளில் ஒரு சாக்கோடு. பலகாரம் தனியாக ஒரு பையில் இருந்தது. சாக்கில் என்னவென்றால் கொழுக்கட்டைப் புல் விதை. “மாப்ளைக்குத்தான் சாமி. எல்லா ரகமும் வெச்சிருக்கறாரு, நம்மூட்டுது இருக்காதுல்ல” என்றார். “மொதல்ல சாப்பிடலாமுங்கப்பா” என்றேன் அவசரமாக. அதற்குள் அவர் மருமகனிடம் திரும்பி, “காட்டப் பாக்கலாமுங்களா மாப்ள?” என்றார். என் வீட்டுக்காரருக்குச் சூதுவாது தெரியாது. தன் அப்பா என்ன சொல்லிப் பெண் எடுத்தார் என்பதை அவர் கவனித்ததுகூடக் கிடையாது. “வாங்க மாமா” என்று சந்தோஷமாக மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மேசைமேல் பாதி முடிந்த குன்று ஒன்று இருந்தது. தெர்மாகோலை அறுத்து, மரத்தூளும் பசையும் பூசி, மேலே பச்சைப்பசேலென்று புல். அப்பா குனிந்து ஒரு விரலால் தடவினார். பிறகு அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

“நூலுங்களா மாப்ள இது?”

“ஆமாங்க மாமா, நம்ம தறிக் கழிவுதான்.”

அப்பா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. கீழே இலை போட்டிருந்தது, கை நனைக்காமல் வாசலுக்குப் போனார். என்னைப் பார்த்து, “பொறப்படு அம்மிணி, போலாம். மாடு திங்காத புல்ல வளக்கறவனுக்கு உன்னக் குடுக்கல நானு” என்றார். என்னைக் கேட்டா கொடுத்தார்? என்னைக் கேட்டா இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறார்? எனக்கும் அவருடைய ரத்தம்தானே. என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, நான் இருந்துகொள்கிறேன் என்றேன். “அப்ப என்ற வாசப்படிய மிதிக்காத” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். விதைச் சாக்கு வாசலிலேயே கிடந்தது. மாமியார் அதைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் அப்பா வரவில்லை. என் மகள் பிறந்தபோது தம்பி மட்டும் வந்தான். காது குத்துக்குத் தாய்மாமன் மடி கிடைத்தது, தாத்தா கை கிடைக்கவில்லை. எடப்பாடிக்கும் மோகனூருக்கும் நடுவில் ஏழு கடலா இருக்கிறது? பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்குப் போய்விடலாம். வராதே என்று சொன்னவர் வா என்று சொல்லட்டும் என்று நான் இருந்தேன். அவரும் எதையோ எதிர்பார்த்து இருந்திருப்பார். ஏமாற்றியது மாமனார். தண்டனை எனக்கு. இது எந்த ஊர் நியாயம் என்று பாத்திரம் துலக்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே துலக்கியிருக்கிறேன்.

மாடி வேலையில் நான் கைவைத்தது அந்தக் கோபத்தில்தான். இவருடைய புல் பார்க்கச் சகிக்காது. ஒரே பச்சை, ஒரே உயரம், சலூனில் வெட்டிவிட்ட மாதிரி. “எந்தக் காட்டுலீங்க இப்புடிப் புல்லு மொளைக்குது?” என்று கேட்டேன். அவர் கத்தரியை என்னிடம் நீட்டினார். நூலைக் கொத்தாகக் காகிதத்தில் சுற்றி, ஓரிடத்துக்கு எள்ளளவும் இன்னோரிடத்துக்கு நெல்லளவும் நறுக்கினேன். டீ டிகாஷனில் ஒரு பங்கு, மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு பங்கு, சாயப்பட்டறையில் மிஞ்சிய பச்சையில் கொஞ்சமே கொஞ்சம். வேலியோரத்து நெட்டைப் புல்லுக்குத் தேங்காய் நார். புதருக்குப் பழைய மெத்தை ஸ்பாஞ்சை மிக்சியில் அடித்தேன், அந்த ஜாரை மாமியார் இன்றுவரை தொடுவதில்லை. அடிப்புல் எப்போதும் காய்ந்த நிறம், பச்சை அதற்கு மேல்தான் வரும். மாடு நடக்கிற தடத்தில் மண் தெரியும். சாணி விழுந்த இடம் மட்டும் திட்டாகக் கறுத்துச் செழித்திருக்கும். இதெல்லாம் நான் எங்கே கற்றேன் என்று சொல்லவேண்டியதில்லை. பாராட்டு எல்லாம் இவர் பெயருக்கு வந்தது. “நிஜம் மாதிரியே இருக்கிறது” என்று எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். அந்த நிஜத்தைச் சொந்தமாக வைத்திருக்கிற மனிதர் என் புகைப்படத்தைக்கூடச் சுவரில் மாட்டவில்லை என்று தம்பி சொல்லியிருந்தான்.

போன வருஷம் கோடையில், மழை காணாத மேய்ச்சல் நிலம் ஒன்று வேண்டும் என்று பெங்களூர்க்காரர் ஒருவர் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. எங்கள் காட்டைச் செய்தேன். கிளுவை வேலி, மூலையில் கல் தொட்டி, பாதி பட்டுப்போன வெள்வேல மரம், அதனடியில் மாடுகள் படுத்துப் படுத்துத் தேய்ந்த வட்டம். இவர் அதை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் காலை வெயிலில் வைத்து, போனைப் புல்மட்டத்துக்கு இறக்கிப் படம் எடுத்தார். பின்னால் நிஜ வானம். தம்பிக்கு மட்டும் அனுப்பினேன். அவன் ஒரு வார்த்தையும் எழுதாமல் தன் போனில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் அப்பா. முழங்கால் போய், மாடுகளை விற்று, காட்டுப் பக்கமே போகமுடியாமல் கட்டிலோடு இருந்தார் அப்போது. குரல் மெலிந்திருந்தது.

“ஏஞ்சாமி, காட்டுக்கு வந்திருந்தியா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“போட்டாவப் பாத்தேன். தொட்டிகிட்ட நின்னு எடுத்திருக்கற. புல்லு நல்லாத்தான் நிக்குது. அத்தன தூரம் வந்தவ ஊட்டுக்கு வராமப் போயிட்டியே. கதவு ஒண்ணும் சாத்தியிருக்கலியே சாமி?”

இத்தனை வருஷமாக நான் காத்திருந்த பேச்சு அதுதான். அவசரமாக வந்தேனுங்கப்பா, அடுத்த தடவை வாரேன் என்று சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகப் போனை வைத்திருப்பார். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் ஒரு பொய்ப் புல்லால்தான் என்னை வெளியே தள்ளினார். இன்னொரு பொய்யைச் சொல்லியா நான் உள்ளே போவது? அதோடு, நானும் மனுஷிதானே, அவர் காட்டை அவர் கண்ணையே ஏமாற்றும் அளவுக்குச் செய்திருக்கிறேன் என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது எனக்கு.

“அது நம்ம காடு இல்லீங்கப்பா. நான் செஞ்சது. மேசை மேல. எல்லாம் தறி நூலுங்கப்பா.”

“தொட்டி?”

“தெர்மாகோலுங்கப்பா.”

அந்தப் பக்கம் கட்டில் கயிறு கிறீச்சிட்டது கேட்டது. நன்றாக இருக்கிறது என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். இந்த வயதிலும் எனக்கு அந்த ஆசை.

“அப்ப நீ வரல” என்றார். போனை வைத்துவிட்டார்.

ஐப்பசி மழையில் அப்பா போய்விட்டார். அன்றைக்குத்தான் அந்த வாசற்படியை மிதித்தேன், மிதிக்காதே என்று சொல்ல ஆளில்லாமல். காரியம் முடிந்து திரும்பும் வழியில் தம்பி வண்டியைக் காட்டோரம் நிறுத்தினான். ஆள் நுழைய முடியாதபடிக்குச் சீமைக்கருவேல முள் மூடிக்கிடந்தது. புல் ஒரு கொத்துகூட இல்லை. “அந்தப் போட்டாவ அடிக்கடி எடுத்துக் காட்டச் சொல்லுவாருக்கா” என்றான் தம்பி.

“தெரிஞ்சப்புறமுமா?”

“தெரிஞ்சப்புறமுந்தான்.”

அதை என்னைக் கூப்பிட்டுச் சொல்ல அவனுக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.