காற்றுப் படாமல் ஒரு குளிர்ச்சி

தம்பி பிறந்த பன்னிரண்டாம் நாள், யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் அம்மாவை வீட்டுக்கு விடத் துண்டு வெட்டிக்கொண்டு நெடுந்தீவுக்குப் புறப்பட்டோம். குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து சேர்ந்தபோது சோழகக் காற்று கடலைப் புரட்டிக்கொண்டிருந்தது. பின்னேரப் படகு ஓடாது என்றார்கள். பச்சை உடம்போடு அம்மாவால் திரும்பிப் போகவும் முடியாது. மாமாவின் சாமான் ஏற்றும் படகு துறையில் கட்டியிருந்தது. அதன் சின்ன அறைக்குள் இரவு தங்கி, விடியக் கடல் அடங்கியதும் போகலாம் என்று முடிவாயிற்று.

அம்மா, தம்பி, பெரியம்மா, நான். எங்கள் நாலு பேரோடு அறை நிறைந்துவிட்டது. மேலே பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த தகரக் கூரை, பலகைக்குக் கீழே ஓடிக் களைத்த எஞ்சின். நடுவில் நாங்கள் அவிந்துகொண்டிருந்தோம். தம்பி உடம்பெல்லாம் சிவந்து, பாலையும் தள்ளிவிட்டு வீரிட்டான். அதுவரை எனக்கு அவன்மேல் பெரிய அன்பு ஒன்றும் கிடையாது. அன்றைக்கு எனக்கும் அழுகை வந்துவிட்டது. வெளியே ஊர்ப்பட்ட காற்று. ஆனால் கதவும் யன்னலும் பெரியம்மாவின் அதிகாரத்தில் இருந்தன.

"அக்கா, பிள்ளை அவியுது. யன்னலைக் கொஞ்சம் திறப்பம்," என்று மாமா வெளியே நின்று கெஞ்சினார்.

"விசர்க்கதை கதையாதை. பிள்ளைப்பெத்தவளுக்குக் காத்துப் பட்டால் பிறகு ஆர் பாக்கிறது? நீயே?"

அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும், காதில் பஞ்சும் தலையில் துவாயுமாக இருந்தவருக்குக் கேட்டிருக்காது.

மாமா சாக்குகளைக் கடல்நீரில் தோய்த்துக் கூரைமேல் விரித்தார். அவை காயக் காய வாளியால் அள்ளி ஊற்றினார். தகரத்தின் சூடு தணிந்தது. உள்ளே அடைபட்டிருந்த வெக்கை மட்டும் அசையவில்லை. தம்பியின் குரல் கம்மத் தொடங்கியது.

பெரியம்மா பலகைச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சற்று நேரத்தில் பெரிய குறட்டை. மாமா கதவிடுக்கால் தலையை நீட்டி, "பெரியம்மா அசைஞ்சால் இருமு, என்ன?" என்று என் காதுக்குள் சொன்னார்.

காற்றடிக்கும் பக்கத்து யன்னலை அவர் தொடவில்லை. மறுபக்கத்து யன்னலை ஒரு சாண் திறந்து, கதவையும் கொஞ்சம் நீக்கி ஒரு கட்டையை அணைகொடுத்தார். வெக்கை மெல்ல மெல்ல வெளியேறியது. அம்மாவின் துவாயின் நுனிகூட அசையவில்லை. தம்பி விக்கி விக்கி ஓய்ந்து, பால் குடித்தான். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

நடுவில் ஒருமுறை பெரியம்மா புரண்டார். நான் இருமினேன். யன்னல் டப்பென்று மூடியது. தம்பி உடனே சிணுங்கினான். பெரியம்மாவும் உடனே குறட்டையைத் தொடங்கினார். எங்கள் அதிர்ஷ்டத்தை நினைத்து மகிழ்ந்தேன். யன்னல் மறுபடி திறந்தது.

விடியும்போது எல்லாவற்றையும் மூடிவிட்டு நல்ல பிள்ளைகளாக இருந்தோம். பெரியம்மா எழும்பி, உறங்கும் தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"பாத்தியளே? பூட்டி வைச்சபடியால்தான் பிள்ளை சுகமாய் நித்திரை கொண்டது."

"ஓமக்கா, நீங்கள் சொன்னால் பிழையாய்ப் போகுமே?" என்றார் மாமா.

நான் சட்டை நுனியை வாயில் கவ்விச் சிரிப்பை அடக்கினேன். பெரியம்மாவை ஏமாற்றிவிட்ட பெருமையோடு நெடுந்தீவில் இறங்கினேன்.

போன வருடம் எனக்கு மகள் பிறந்தாள். பெரியம்மா வந்து முப்பத்தொரு நாளும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார். அத்தனை இரவுகளில் ஒன்றில்கூட அவர் குறட்டை விடவில்லை.