ஒரு முழு ஆட்டம்

ஹந்தானை மலையிலிருந்து இறங்கும் காலை பஸ்ஸில் கிருஷாந்தியின் பையைப் பார்த்தாலே கண்டக்டர் முகத்தைச் சுளிப்பார். ஓர் ஆளையே சுருட்டி உள்ளே வைக்கலாம், அவ்வளவு பெரிய பை. அதற்குள் கால் தடுப்புகள், நெஞ்சுக் கவசம், கையுறைகள், ஹெல்மெட். "தங்கச்சி, இதுக்கும் டிக்கெட் போடணும்" என்று அவர் தினமும் சொல்வார். "போடுங்க, அதுக்கு ஒரு சீட்டும் குடுங்க" என்று அவளும் தினமும் சொல்வாள். பை டிரைவருக்குப் பக்கத்தில் சொகுசாக ஏறிக்கொள்ளும், அவள் நின்றுகொண்டே வருவாள். இத்தனை மரியாதையோடு ஊர்வலம் வரும் அந்தக் கவசங்களைப் போட்டியன்று மாட்டிக்கொள்வது அவள் இல்லை, அணியின் முதல் கோல்காப்பாளர் கைரியா. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

கட்டுகஸ்தோட்டையில் ஒரு பிஸ்கட் கம்பனியில் அவளுக்கு வேலை. பெயருக்குக் களஞ்சிய உதவியாளர், எடுத்தது ஹொக்கிக்காக. கம்பனிகளுக்கிடையே நடக்கும் பெண்கள் ஹொக்கியில் அவர்களுக்கு ஒரு பெயர் உண்டு. அதைக் காப்பாற்றுவதற்காகப் பாடசாலை அணிகளில் நன்றாக ஆடிய பிள்ளைகளைப் பொறுக்கி வேலைக்கு எடுப்பார்கள். காலையில் பயிற்சி, பிறகு மாவு மூட்டை, பின்னேரம் மறுபடியும் பயிற்சி. பாடசாலை நாட்களில் கிருஷாந்தியைத் தாண்டிப் பந்தைக் கோலுக்குள் அனுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. அந்தப் பேரோடுதான் இருபது வயதில் உள்ளே வந்தாள். இப்போது இருபத்தாறு.

வந்த அன்றே தெரிந்துவிட்டது, கோலில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று. மற்ற இடங்களில் ஆடுகிறவர்கள் ஓர் ஆட்டத்துக்குள்ளேயே பல தடவை உள்ளே போவார்கள், வெளியே வருவார்கள். கோல்காப்பாளருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. ஒருத்தி நின்றால் நின்றதுதான். மற்றவள் மைதான ஓரத்து வாங்குப் பலகையில் குந்திக்கொண்டு தண்ணீர்ப் போத்தல்களை நிரப்ப வேண்டியதுதான். கவசப் பையைச் சுமப்பதும், ஆட்டத்துக்கு முன்னால் முதல் கீப்பருக்குப் பந்தடித்துக் கொடுத்துக் கை காலைச் சூடாக்கி விடுவதும் இரண்டாவது கீப்பரின் வேலை. அதாவது தன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவளைத் தானே தயார்படுத்தி அனுப்ப வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் நிச்சயமாக முதல் கீப்பராகத்தான் இருந்திருப்பான்.

கைரியா கெட்டவளாக இருந்தால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம். அவளோ பெருநாளுக்கு அக்குறணையிலிருந்து வட்டலப்பம் சுமந்துகொண்டு வந்து, பெரிய துண்டை வெட்டிக் கிருஷாந்திக்குத்தான் கொடுப்பாள். வயது முப்பத்தாறு. காய்ச்சல், தலைவலி, கல்யாண வீடு, எதற்கும் ஆட்டத்தை விட மாட்டாள். மூன்று பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளாவது கிருஷாந்தி வந்த பிறகு பிறந்திருக்கக் கூடாதா? மூன்றும் அவசரப்பட்டு முந்தியே பிறந்துவிட்டன.

ஆடவே இல்லை என்று சொன்னால் பொய். அரையும் குறையுமாக ஆடியிருக்கிறாள். ஒரு முறை அவளைத் தொடக்கத்திலேயே இறக்கினார்கள், கால்வாசி ஆட்டத்தில் மழை கொட்டி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இன்னொரு முறை கைரியா கெட்டம்பேயில் வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டாள். கிருஷாந்தி கோலில் நின்றாள், இடைவேளை வரை ஒன்றுகூட வாங்கவில்லை. இடைவேளையில் கைரியா மூச்சிரைக்க ஓடி வந்தாள். பயிற்சியாளர் பளீல் சேர் கிருஷாந்தியின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து, "கழட்டு மகள்" என்றார். கம்பனி வாங்கித் தந்தது ஒரே ஒரு தொகுதிக் கவசம். அவளுடைய வியர்வையோடு அதை அப்படியே மாட்டிக்கொண்டு கைரியா போனாள்.

தொடக்க விசிலிலிருந்து கடைசி விசில் வரை ஒரே ஓர் ஆட்டம். வென்றாலும் சரி, தோற்றாலும் சரி. அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். கேட்பவர்களுக்கு அற்ப ஆசை. ஆனால் பாதியில் கழற்று கழற்று என்று கேட்டே பழகியவளுக்கு அதைவிடப் பெரிய ஆசை இருக்கவில்லை. அம்மா பரிமளம் வேறு, நேரம் காலம் பார்க்காமல் கேட்பாள்: "நீ வெளாடத்தான் போறியா, இல்ல பை தூக்கப் போறியா?"

இந்தப் புலம்பலையெல்லாம் காது கொடுத்துக் கேட்டவள் நிரஞ்சனி ஒருத்திதான். முன்வரிசை ஆட்டக்காரி, வயது இருபத்தொன்பது. முழங்காலில் தசைநார் அறுந்து, சத்திரசிகிச்சை முடிந்து, இந்த வருஷம்தான் அணிக்குத் திரும்பியிருந்தாள். கால் தாங்குமா என்று பளீல் சேருக்குச் சந்தேகம். அதனால் ஒவ்வொரு போட்டிக்கும் பட்டை கட்டிக்கொண்டு வந்து வாங்கில் இருந்துவிட்டுப் போவாள். இருவரும் உடைந்த இஞ்சி பிஸ்கட்டைப் பங்கு போட்டுத் தின்பார்கள். கிருஷாந்தி கைரியாவைத் திட்டுவாள்.

"மனச்சாட்சின்னு ஒண்ணு இருந்தா, ஒரு மேட்ச்சாவது விட்டுக் குடுக்கணும்ல?"

"குடுக்கணும்தான்" என்பாள் நிரஞ்சனி.

கடைசியில் கைரியாவை அசைத்தது ஒரு கொசு. இறுதிப் போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது டெங்கு என்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். செய்தி கேட்டதும் கிருஷாந்திக்குள் பொங்கி வந்தது சந்தோஷம்தான். உடனே வெட்கமாகவும் இருந்தது. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். போட்டியன்று காலையில் கைரியா வார்டிலிருந்து போன் எடுத்தாள்.

"நான் செல்றதக் கேளு தங்கச்சி. வலப்பக்கம் பந்து வந்தா அவசரப்பட்டுப் பாயாத. பயப்படாம ஈரு."

"சரிக்கா" என்றாள் கிருஷாந்தி. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் இவள் கோலை விட்டு நகர மாட்டாளாம்.

போட்டி மாத்தளையில். எதிரணி கொழும்பில் ஒரு வங்கியினுடையது. யாருக்கும் தண்ணீர் காட்டும் பெண்கள். முதல் பாதியில் கிருஷாந்தி அவர்களுக்கே தண்ணீர் காட்டினாள். காலால் தடுத்தாள், தடியால் தட்டினாள், ஒரு பந்தை நெஞ்சில் வாங்கினாள். இடைவேளையில் வாசல் பக்கம் அவள் கண் தானாகப் போனது. யாரும் மூச்சிரைக்க ஓடி வரவில்லை. பளீல் சேர் அவள் தோளைத் தட்டி, "மாஷா அல்லாஹ், நல்லா ஈக்கி மகள்" என்றார். இவ்வளவு காலத்தில் அவர் வாயால் அப்படிக் கேட்டதில்லை.

ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவதில் ஒரு கோல் விழுந்தது. அவர்கள் அடித்த பந்து நம்முடைய பெண்ணின் தடியிலேயே பட்டுத் திரும்பி உள்ளே போனது. அதற்குக் கிருஷாந்தி என்ன செய்ய முடியும்? பூச்சியத்துக்கு ஒன்று. அதற்கு மேல் அவள் எதையும் விடவில்லை.

நான்கு நிமிடம் மீதி இருக்கும்போது பளீல் சேர் எழுந்து கையை வீசினார். மைதானத்தில் கட்டளையெல்லாம் சிங்களத்தில்தான். "எளியட்ட! எளியட்ட!" வெளியே வா என்கிறார். தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி நேரத்தில் கோல்காப்பாளரை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குத் தாக்கி ஆட ஒருத்தியைக் கூட்டி அனுப்பும். கோல் வெறுமையாகத்தான் கிடக்கும். இன்னொன்று விழுந்தாலும் தோல்வி தோல்விதானே. கணக்கு சரியானது. ஆனால் அவள் வெளியே வந்தால்தான் மற்றவள் உள்ளே போகலாம்.

மற்றவள் நிரஞ்சனி. நடுக்கோட்டோரமாகத் தடியைப் பிடித்துக்கொண்டு, பல்காப்பை வாயில் கடித்துக்கொண்டு, ஓடத் தயாராகக் குனிந்து நின்றாள். இந்த வருஷத்தில் முதல் தடவையாக அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். கிருஷாந்தி அவளை நன்றாகப் பார்த்தாள்.

இவ்வளவு வந்தாயிற்று, இன்னும் நான்கே நிமிடம். இப்போதும் கழற்று என்கிறார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தடியால் கோல் கம்பத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நடுவில் வந்து நின்றாள்.

பின்வரிசையில் நின்ற ஷிபானா திரும்பிக் கத்தினாள். "ஒன்னத்தான் கூப்புடுறாங்க!"

"நீ பந்தப் பாரு!" என்றாள் கிருஷாந்தி.

அதற்குப் பிறகு பந்து அவள் பக்கம் வரவே இல்லை. ஆட்டம் முழுவதும் எதிர்க் கோலடியில் நடந்தது. நம்முடைய பெண்கள் முட்டி மோதினார்கள். ஒரு தடவை பந்து கோல் வாய்க்கு நேரே குறுக்கே ஓடியது. அதைத் தட்டிவிட அந்த இடத்தில் ஒருத்தி நின்றிருந்தால் போதும், அந்த ஒருத்திதான் இல்லை. கிருஷாந்தி மைதானத்தின் இந்த மூலையில், யாரும் தாக்காத கோலைக் காத்துக்கொண்டு தனியாக நின்றாள். விசில் ஊதியது. முழு ஆட்டம் முடிந்தது.

பளீல் சேர் கோபக்காரர், ஆனால் அன்று ஏசவில்லை. "ஹெல்மெட்டுக்குள்ள கேட்டீக்காது" என்று மற்றவர்களிடம் அவரே சொன்னார். கேட்காமலே வந்த அந்தச் சாக்கைக் கிருஷாந்தி பேசாமல் வாங்கிக்கொண்டாள். யாரும் அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை. தலையைக் குனிந்தபடி வாங்கில் போய் உட்கார்ந்தாள். நிரஞ்சனி வந்து பக்கத்தில் அமர்ந்து, வாயிலிருந்து பல்காப்பை எடுத்தாள்.

"நெசமா கேக்கலையா?"

அதே சாக்கு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நிரஞ்சனியின் முகத்தைப் பார்த்த பிறகு அது வெளியே வர மறுத்தது.

"கேட்டுச்சு" என்றாள் கிருஷாந்தி.

"நீ என்னப் பாத்தது எனக்குத் தெரியும்."

"பாத்தேன்."

நிரஞ்சனி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விட்டுக் குடுக்கலன்னு கைரியா அக்காவச் சொன்னியே" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். பிறகு குனிந்து முழங்கால் பட்டையை அவிழ்க்கத் தொடங்கினாள். காலையில் கட்டிய பட்டை, கட்டியபடியே மடிப்புக் கலையாமல் இருந்தது.