பைண்டு செய்த தொடர்கதை

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஒரு சின்னக் கிளை நூலகத்துக்கு நான்தான் நூலகர். பெருக்குவதும் நான்தான். வாடகை வீட்டின் முன்னறையில் சில அலமாரிகள், இரண்டு பெஞ்சுகள், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நான் காட்டிய மிடுக்கு கொஞ்சநஞ்சமல்ல.

வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்துகொள்வது அப்போது வீட்டுக்கு வீடு நடந்த காரியம். நெமிலிச்சேரியிலிருந்து ரயிலேறித் தொழிற்சாலை வேலைக்கு வந்துபோகும் ஓர் அம்மாள், அப்படி ஒரு கதையைத் தானே கோணி ஊசியால் தைத்து, கல்யாணப் பத்திரிகை அட்டையை மேலே ஒட்டி, நூலகத்துக்குக் கொண்டுவந்தார்.

“ஊட்ல வெச்சா எலி துன்னுடும் சார். இங்க இருந்தா நாலு பேரு படிப்பாங்க.”

நன்கொடை என்று பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி அலமாரியில் வைத்தேன். அது வாசகர்களிடையே நன்றாகவே சுற்றியது.

பிறகு நூலகர்களுக்குப் பதிப்புரிமை பற்றி வகுப்பு என்று நகரத்துக்கு அழைத்தார்கள். ஒரு வழக்கறிஞர் பேசினார். எதைப் பிரதி எடுக்கலாம், எதற்கு அனுமதி கேட்க வேண்டும், எதில் எவ்வளவு ஆபத்து என்று நிதானமாக எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும் என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு நான் கண்ணயர்ந்துவிட்டேன். வழக்கு, அபராதம் என்ற சொற்கள் மட்டும் மனதில் தங்கின. காசு கொடுத்து வாங்கிய பத்திரிகையைத் தைத்து வைப்பது பிரதி எடுப்பதாகாது. எழுந்து கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். ஆனால் கேட்டால் மற்றவர்கள் என்னைத் தெரியாதவன் என்று நினைப்பார்களே, அந்த வீறாப்பு.

மறுநாளே பதிப்பகத்தின் பெயர் இல்லாத அந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த அம்மாள் வந்தார்.

“இன்னா சார், என் புக்கைக் காணோம்?”

“எழுதினவங்களுக்குச் செய்யற துரோகம்மா அது. கேஸு போட்டா நீங்களும் மாட்டுவீங்க.”

அவர் முகம் வெளிறிப்போனது. “அப்டின்னு தெரியாது சார். எங்கிட்டயே குட்த்துடுங்க, ஊட்லயே வெச்சிக்கிறேன்.”

“பதிவான புத்தகத்தைத் திருப்பித் தர விதியில்லை,” என்றேன்.

அதன்பிறகு அவர் நூலகப் பக்கமே வரவில்லை. புத்தகத்தைப் பழைய நாளிதழ்க் கட்டோடு சேர்த்து எடைக்குப் போட்டேன். ஒரு பெரிய ஆபத்திலிருந்து நூலகத்தைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குள் ஒரே பெருமை.

சில வாரங்கள் கழித்து, திருமுல்லைவாயிலிலிருந்து வரும் ஓர் ஆசிரியை அதைக் கேட்டார். அதிகம் பேசாத, பழைய உறுப்பினர். அவருக்கு முழு வகுப்பும் எடுத்தேன். எழுத்தாளனின் உழைப்பு, உரிமை, வாசகனின் கடமை என்று ஒன்றையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார்.

“அதை எழுதினது நான்தாங்க,” என்றார். “புனைபெயர்ல எழுதினேன். அந்தப் பத்திரிகையும் நின்னுபோச்சு. வீட்ல வெச்சிருந்ததெல்லாம் மழையில ஊறி வீணாப்போச்சு. இப்போ புத்தகமாப் போடறேன்னு ஒருத்தர் கேக்கறாரு. இங்க ஒண்ணு இருக்கேங்கிற தைரியத்துல சரின்னு சொல்லிட்டேன்.”

நூலகத்தைப் பூட்டிவிட்டு ஆவடி சாலையில் இருந்த பழைய பேப்பர் கடைக்கு சைக்கிளை மிதித்தேன்.

“அது அப்பவே பொட்லம் கட்ற கடைக்குப் பூட்ச்சி சார்,” என்றார் கடைக்காரர்.

பக்கத்து மளிகைக் கடைகளில் நுழைந்து, சாமான் வாங்குபவர்களின் கையிலிருந்த பொட்டலங்களை எல்லாம் உற்று உற்றுப் பார்த்தேன். ஒரு பெண்மணி என்னை முறைத்துவிட்டுப் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். வெட்கமாக இருந்தது. வெறுங்கையோடு திரும்பினேன்.

மறுநாள் ஆசிரியை வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார்.

“பரவாயில்லைங்க. ஞாபகத்துல இருந்து திரும்ப எழுதிப் பாக்கறேன். முதலும் முடிவும் இருக்கு. நடுவுலதான் விட்டுப்போச்சு. அந்தப் பொண்ணு புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பறா இல்லையா, அப்புறம் முதல்ல எங்க போறா? இவ்வளவு நாள் உங்ககிட்டதானே இருந்தது. உங்களுக்கு நினைவிருக்கும். சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் படிக்கலைங்க,” என்றேன்.