திங்கட்கிழமை எங்கே போவீர்கள்?

ஜெர்மனியில், ஹைடல்பேர்க்கில் ஒன்பது வருடம் இருந்தும் நான் கோட்டைக்கு ஏறியதில்லை. ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறேன். திங்கள் லீவு. அன்று படுத்துக் கிடப்பேன்.

மனைவி யாழ்ப்பாணத்தில். கலியாணம் முடிந்து மூன்று வாரம் அவளோடு இருந்தேன். பிறகு எல்லாம் போன்தான். "இண்டைக்கு எங்க போனனீங்கள்?" என்று திங்கள்தோறும் கேட்பாள். படுத்திருந்தேன் என்று சொல்ல வெட்கம். கோட்டை, பழைய பாலம், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலைப்பாதை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். போனில் தேடிப் படமும் அனுப்பினேன்.

அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டோம். கலியாணம் உண்மைதானா என்று பார்க்க, இருவரையும் ஒரே நாளில் விசாரிப்பதாகக் கடிதம் வந்தது. அவளைக் கொழும்பில், என்னை இங்கே. பதில்கள் ஒத்துப்போக வேண்டும்.

கூட வேலை செய்யும் அண்ணை கேட்டார்.

"லீவு நாளில என்ன செய்யிறவர் எண்டு கட்டாயம் கேப்பாங்கள். மனிசிக்கு என்ன சொல்லி வைச்சிருக்கிறாய்?"

"கோட்டை பாக்கப் போறனான் எண்டு."

"நீயோடா? கோட்டை எந்தப் பக்கம் எண்டாவது தெரியுமோ?"

"குப்பை கொட்டப் போகேக்க தெரியிறதுதானே."

விசாரணைக்கு முன் மூன்று திங்கட்கிழமைகள் இருந்தன. சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று புறப்பட்டேன்.

முதல் திங்கள் கோட்டை. படி ஏறி மூச்சு வாங்கியது. பாதிச் சுவர் இடிந்து கிடந்தது. உள்ளே வீடு மாதிரி ஒரு வைன் பீப்பாய். இதைப் பார் என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை.

அடுத்தது பாலம். அங்கே ஒரு வெண்கலக் குரங்கு. உள்ளே வெற்றான அதன் தலைக்குள் தலையை விட்டு எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நானும் விட்டேன். படம் எடுக்க யாருமில்லை என்பது பிறகுதான் உறைத்தது. தலையை வெளியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசித் திங்கள் மலைப்பாதை. ஆறும் ஊரும் முழுதாகத் தெரிந்தன. என் அறை ஜன்னலைத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

விசாரணையில் அந்தக் கேள்வி வந்தது. பீப்பாய், குரங்கு ஒன்றும் விடாமல் சொன்னேன். விசாரித்த அம்மா எழுதிக்கொண்டார். நிம்மதியாக வெளியே வந்து மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"திங்கக்கிழமை நான் எங்க போறனான் எண்டு உம்மட்டையும் கேட்டவையோ?"

"ஓம்."

"என்ன சொன்னனீர்?"

"எங்கயும் போகமாட்டார், படுத்திருப்பார் எண்டு சொன்னன்."

"அப்பிடியோ சொன்னனீர்?"

"பின்ன என்னப்பா? அனுப்பின ஒரு படத்திலயும் நீங்கள் இல்லை. மார்கழியில அனுப்பின படத்தில மரமெல்லாம் பச்சை. அங்க போய்ப் பொய் சொல்ல ஏலாது எண்டு உள்ளதைச் சொன்னன்."

"இந்த மூண்டு திங்களும் போனனான். உண்மையாப் போனனான்."



"தனியவோ போனனீங்கள்?"

"ஓம்."

"சரி. கோட்டைக்கு மேல என்ன இருக்கு? சொல்லுங்கோ."

சொன்னேன். அவ்வளவு நேரம் நான் யாரோடும் பேசியதில்லை.

நடந்ததை நடந்தபடி வக்கீல் மூலம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஐந்து மாதமாகிறது. கடிதப் பெட்டி பார்த்தாயா என்று அண்ணை தினமும் கேட்கிறார். பார்க்கிறேன்.