சாமிக்காக மூடிய வடிகால்

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவைப் பார்த்துக்கொள்ள மூன்று பொறியாளர்கள் உண்டு: சாலைக்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர், வடிகாலுக்கு ஒருவர். மூவரும் சேர்ந்து வேலை செய்வது பெருமாள் புறப்பாட்டுக்கு மட்டும்தான். நானும் வடிகாலில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த ஒற்றுமையைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

இந்த வருஷம் சாமியின் குடை இடிக்கும் என்று மேலே போன கம்பியைக் கழற்றி, கேபிளாக மண்ணில் புதைத்தார்கள். எதிர்வீட்டு வாசலில் வடிகாலின் வாய் பள்ளமாக இருந்தது. பல்லக்கைச் சுமப்பவர்களின் கால் இடறக்கூடாதே என்று அதன்மேல் பலகைக்கல் போட்டு, தார் ஊற்றிச் சமன் செய்தார்கள். பெருமாள் குலுங்காமல் போனார். நானும் கைகூப்பினேன்.

அடுத்து வந்த மழைக்குப் போக்கிடம் இல்லை. எதிர்வீட்டில் குழித்தறி. நெய்கிறவள் காலை இறக்கி மிதிக்கும் குழியில் தண்ணீர் ஊறி நின்றது. தறியில் ஒரு கல்யாணப் புடவை பாதி நெய்தபடி இருந்தது. இன்னொரு மழை வந்தால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் நனைந்து சாயம் இறங்கிவிடும்.

"சார், நீங்க ஆபீஸ்ல இருந்தவரு. நீங்க சொன்னா கேப்பாங்க," என்றாள் அவள்.

முறைப்படி கூட்டு ஆய்வு கேட்டேன். ஆச்சரியம், மூவரும் வந்தார்கள். மூன்று ஜீப்பில்.

"கீழ கேபிள் போவுது சார். லைன ஆஃப் பண்ணாம ரோட்டை உடைக்க முடியாது," என்றார் சாலைக்காரர்.

"எவ்ளோ ஆழம் தோண்டணும்னு ட்ரெயினேஜ் சொல்லட்டும், ஆஃப் பண்றேன்," என்றார் மின்சாரக்காரர்.

"ரோட்டை உடைச்சாத்தான சார் ஆழம் தெரியும்?" என்றார் என் துறைக்காரர்.

மூன்றும் விதிப்படி சரி. எந்தெந்த விதி என்றுகூட எனக்குத் தெரியும்.

"அன்னிக்கு மட்டும் எப்டி சார் மூணு பேரும் சேந்தீங்க?" என்று அவள் கேட்டாள்.

"அது சாமி வேலைம்மா," என்றார் சாலைக்காரர்.

"அப்ப சாமிய இன்னொரு வாட்டி இந்தப் பக்கம் இட்டுக்கினு வரட்டா?"

என் துறைக்காரர் சிரித்துவிட்டார். மற்ற இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். அது கறுத்துக்கொண்டு வந்தது. ஜீப்புகள் கிளம்பின.

மழை பிடித்துக்கொண்டது. அவள் கணவர் குழித் தண்ணீரை வாளியில் மொண்டு வாசலில் கொட்டினார். அது தாரின்மேல் கொஞ்சம் யோசித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே திரும்பியது. நான் கடப்பாரையோடு ஓடினேன். கேபிள் எத்தனை ஆழத்தில் போகிறது என்று எனக்கும் தெரியாது. ஓங்கிய கை அப்படியே நின்றது.

"வுடுங்க சார்," என்றாள் உள்ளேயிருந்து. "ஷாக் அடிச்சி நீங்க பூட்டா, அதுக்கு எந்த டிபார்ட்மெண்ட் வரும்?"

நெய்த வரைக்குமாவது தப்பட்டும் என்று பிளேடை எடுத்து, நெய்த இடத்துக்குப் பக்கத்தில் பாவு நூலை அறுத்தாள். கீழே விழாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்க் கைகளை நீட்டினேன். பாதிப் புடவை அவற்றில் வந்து விழுந்தது.