கயிறு மச்சாளின்ரை கையிலை

எங்கடை ஞானாம்பிகை மச்சாளைப் போல ஒரு சந்தேகப் பிராணியைக் கோப்பாயிலை தேடிப் பிடிக்கேலாது. பால்காரன் கண்ணுக்கு முன்னாலை கறந்து குடுத்தாலும் மோந்து பாப்பா. ஐயர் திருநீறு நீட்டினால், "இது சுத்தமானதோ?" எண்டு கேக்கிற பிறவி. என்ரை மனிசன் அவவின்ரை தம்பி. கலியாணம் கட்டின நாளிலையிருந்து என்னையும் நம்பினதில்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. கரண்டும் இல்லை, பெற்றோலும் இல்லை. கொழும்புத்துறையிலையிருந்து லியோன் எண்ட மீன்பிடிகாரர் தன்ரை பழைய மொறிஸ் வானைத் தள்ளுவிச்சுக்கொண்டு மச்சாளின்ரை வளவுக்கு வந்து சேந்தார். வானுக்குள்ளை பெண்சாதி திரேசம்மா. ஆமி அடிச்ச செல் விழுந்து உடம்பெல்லாம் எரிஞ்சு, காதும் போய், படுத்த படுக்கையாம். திரும்பவும் ஓட வேண்டி வந்தால் படுக்கையோடையே தள்ளலாம் எண்டுதான் வானிலை குடியிருப்பு.

அந்தப் புண்ணுக்குக் காத்து வேணும். வெய்யில் ஏறினால் வான் அவிஞ்சு போகும். லியோன் தன்ரை போட் எஞ்சினைக் குடுத்து ஒரு சோலர் தகடு மாத்திக்கொண்டு வந்தார். பற்றறி கிடையாது, பகலிலை நேரடியா ஒரு சின்ன ஃபான் சுத்தினால் காணும் எண்டது அவரின்ரை கணக்கு. மாமர நிழல் எங்கை விழுகுது, தகட்டை எந்தப் பக்கம் சரிக்கிறது எண்டு கையைப் புருவத்திலை பிடிச்சபடி வானத்தையே பாத்துக்கொண்டு நிப்பார்.

மச்சாளுக்குச் சந்தேகப்பட அது காணாதே! "எடி, உவன் ஆருக்குச் சைகை காட்டுறான்? பெண்சாதியாம், காது கேளாதாம், வான் எந்த நேரமும் சீலை கட்டி மூடிக் கிடக்கு. உள்ளை ஆள் இருக்கெண்டு ஆர் கண்டது?"

பொய் சொல்லக் கூடாது, அவவின்ரை பயத்திலையும் ஞாயம் இருந்தது. பிளேனிலை வந்து குண்டு போடுற பொம்மர்காரனுக்கு மினுங்கும் எண்டு நாங்கள் தகரக் கூரைக்கே தென்னோலைக் கிடுகு போட்டிருந்தனாங்கள். வானுக்கு மேலை கண்ணாடி மாதிரி ஒண்டைப் பூட்டினால் ஆருக்குத்தான் நெஞ்சு பதறாது?

"அக்கா, ஒரு கயிறு கட்டிவிடுறன். பிளேன் சத்தம் கேட்டவுடனை இழுத்தால் கிடுகு தகட்டை மூடும். விட்டால் திறக்கும், ஃபானும் திரும்பச் சுத்தும்," எண்டார் லியோன்.

"அப்ப கயிறு நான் சமைக்கிற குசினிக்கு வரட்டும். உம்மை நான் நம்பமாட்டன்."

கயிறு குசினிக்கு வந்தது. பிறகென்ன, ராச்சியம்தான்! மண்ணெண்ணெயிலை உழவு மெசின் உறுமினாலும் இழுப்பா, மில் இரைஞ்சாலும் இழுப்பா. "அக்கா, அது பிளேன் இல்லை! அவள் உள்ளை வேகுறாள்," எண்டு லியோன் ஓடிவந்து கெஞ்சுவார். "உமக்கு எப்பிடித் தெரியும்?" எண்டு முறைப்பா.

ஒரு வெள்ளிக்கிழமை காலமை லியோன் மருந்தெடுக்க ஆசுப்பத்திரிக்குப் போட்டார். நானும் மச்சாளும் கோயிலுக்கு வெளிக்கிட்டம். தானில்லாத நேரம் ஆர் இழுக்கிறது எண்டு, கயிறை இழுத்துக் கட்டிப்போட்டுத்தான் வந்தா. மத்தியானம் திரும்பி வந்தால் லியோனை இன்னும் காணேல்லை. "வாடி, இண்டைக்கு இவன்ரை குட்டை உடைச்சிடுவம்," எண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போய் வான் கதவைத் திறந்தா.

உள்ளை அடுப்படி வெக்கை. மருந்துத் துணியும் வேர்வையுமா ஒரு பொம்பிளை கிடந்தாள். மேலை ஃபான் அசையேல்லை. எங்களைக் கண்டதும் அவளுக்குக் கண் பிதுங்கிப் போச்சு.

"ஐயோ அக்கா, இந்த நேரத்திலை ஏன் வெளியிலை நிக்கிறியள்? ஃபான் காலமை நிண்டது, பொம்மர் இன்னும் போகேல்லை. எனக்குக் காது கேளாது, ஃபான் நிண்டால்தான் பொம்மர் வந்தது தெரியும். ஒவ்வொருக்காலும் இதுதான் கடைசி எண்டு கிடப்பன். நீங்கள் பங்கர்க் குழிக்கு ஓடுங்கோ. என்னைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ!"

மச்சாள் வாயைத் திறந்தா. கேக்காத காதுக்கு என்னத்தைச் சொல்லுறது? கயிறை அவிழ்க்கக் குசினிப் பக்கம் விழுந்தடிச்சு ஓடினா.

பங்கருக்குத்தான் ஓடுறா எண்டு நினைச்சு, திரேசம்மா நிம்மதியாக் கண்ணை மூடினாள்.