ஒன்பது தடவை என்று போட்டோம்

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ வருடமாக உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் தாளை மடித்து வைத்துவிட்டேன். மனைவியின் தம்பியைப் பற்றி எழுதினால் குடும்பம் உடையும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னைப் பற்றி எழுதத்தான் பயம்.

நான் பள்ளிப் படிப்பை மூன்றாம் படிவத்தோடு நிறுத்தியவன். கிள்ளானில் காற்பந்து ஆட்டம் எங்கே நடந்தாலும் திடலோரம் உட்கார்ந்து, யார் பந்தைச் சரியாகக் கொடுத்தார், யார் பறிகொடுத்தார் என்று நோட்டில் கோடு போட்டுக் குறிப்பது என் பைத்தியம். தொண்ணூறுகளின் கடைசியில், இன்டர்நெட் வந்த புதிதில், மச்சான் அந்த நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தான்.

"மாமா, இது தங்கம் லா! வெப்சைட்ல போட்டா கோச்சுங்க எல்லாம் நம்மகிட்டதான் வந்து நிப்பாங்க."

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர். நான் குறிப்பேன், அவன் அட்டவணையாக்கி ஏற்றுவான். மாநிலக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர்களே எங்கள் அட்டவணையைக் கேட்கும் அளவுக்கு வளர்ந்தோம்.

ஒரு வருடம் மாநிலக் குழுத் தேர்வுக்கு முந்தைய கடைசி ஆட்டம் சரஸ்வதி பூஜையன்று வந்தது. நோட்டு, பேனா, கீபோர்டு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து அம்பாள் முன் அடுக்கிவிட்டேன். மறுநாள் பூஜை முடித்து எடுக்கும்வரை ஓர் எழுத்துகூட எழுதுவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். "போக மாட்டேன்" என்றேன். மச்சான் கோபப்படவில்லை. "நீங்க சாமி கும்பிடுங்க மாமா. நான் பாத்துக்கிறேன்" என்றான்.

மறுநாள் அறைக்குப் போனால் அந்த ஆட்டத்தின் அட்டவணை முழுசாக ஏறியிருந்தது.

"நீ திடலுக்குப் போனியா?"

"எதுக்கு? கோல் கணக்கு போன்ல கேட்டேன். மத்ததெல்லாம் நானே போட்டேன். எல்லாருக்கும் நல்லதா போட்டா நம்ப மாட்டானுங்க. அதான் ரெண்டு மூணு பேருக்குக் குறைச்சேன்."

அழிக்கச் சொல்லியிருக்கலாம். தேர்வாளர்கள் ஏற்கெனவே அச்செடுத்துவிட்டார்கள் என்றான். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

குறைத்தவர்களில் ஒருவர் தடுப்பு ஆட்டக்காரர். ஷா ஆலம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர். மாநிலக் குழுவில் இடம் கிடைத்தால் நிரந்தர வேலைக்கு வழி பிறக்கும் என்று காத்திருந்தார். கிடைக்கவில்லை. தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல் எங்கள் மாடியேறி வந்தார்.

"அண்ணே, அன்னைக்கு நான் பந்தை ஒரே ஒரு தடவைதான் விட்டேன். ஒன்பதுன்னு போட்டிருக்கீங்க. எப்பவும் கோல் பக்கம்தானே உக்காருவீங்க, உங்களைக் காணோமே?"

மச்சான் என்னைப் பார்த்தான். என் கழுத்தில் உருத்திராட்சம், நெற்றியில் திருநீறு. அந்தக் கோலத்திலேயே சொன்னேன்: "அந்தப் பக்கம் இருந்தேன் தம்பி. நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

"நீங்க சொன்னா சரிதாண்ணே," என்று இறங்கிப் போனார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி தம்பியைத் திட்டவில்லை. "பேனாவைத் தொடக் கூடாதுன்னு அம்பாளுக்குப் பயந்தீங்க. பொய் சொல்ல மட்டும் பயப்படலையா?" என்றாள். அன்றோடு அந்த அறைக்குப் போவதை நிறுத்தினேன். நோட்டுகளை மச்சானே வைத்துக்கொண்டான்.

அவன் சுபாங் ஜெயாவில் பெரிய அலுவலகம் போட்டான். காற்பந்தை முதன்முதலில் கணினியில் அளந்தவன் என்று மேடையேற்றி மாலை போடுகிறார்கள். பேசும்போது அந்தத் தேர்வைத்தான் உதாரணம் காட்டுகிறான்: "பேர் பெத்த ஆளா இருந்தாலும் எங்க அட்டவணை காட்டிக் குடுத்திடும்." முன்வரிசையில் உட்கார்ந்து நானும் கை தட்டியிருக்கிறேன். அந்த ஆட்டக்காரர் அதன் பிறகு பூட்ஸ் போடவேயில்லை என்று கேள்வி. தேடிப் போக எனக்குத் துணிவு வரவில்லை. குடித்துக் கெட்டார் என்று கோயில் மண்டபத்தில் ஒருவர் என்னிடமே கதை சொன்னார்.

அவரைக் கெடுத்தது குடி இல்லை, நாங்கள் போட்ட பொய்க் கணக்கு. அன்று பந்தை ஒரு தடவைதான் விட்டார். நான் அங்கே இல்லை. பார்த்ததாகப் பொய் சொன்னேன். படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குக் கொடுங்கள். எனக்காக இரக்கப்பட்டு ஒரு வரியும் குறைக்க வேண்டாம். மச்சான் மேல் ஆத்திரப்பட்டு ஒரு வரியும் கூட்ட வேண்டாம். இருக்கிறபடியே அவர் காதுக்குப் போய்ச் சேரட்டும்.